எவ்வளவு வரை பாதுகாப்பு?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் வைத்தியத் துறைக்குப் போனோம். இந்த உரையை மூவரும் இரவிரவாகத் தொலைபேசியில் பேசித்தான் தயாரித்தோம். மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும், 'நாங்கள்' என்று சொல்லும் இடத்தில் மூவரும் இருக்கிறோம். 'நாம்' என்று சொல்லும் இடத்தில் நீங்களும் இருக்கிறீர்கள்.

விழாக் குழுவினர் உடல்நலம் பற்றி ஏதாவது பேசச் சொன்னார்கள். சீனி வருத்தம் பற்றியும் பிரஷர் பற்றியும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது பேசிவிடுகிறார்கள். ஆகவே வேறொன்றை எடுத்துக்கொண்டோம். ஒரு நஞ்சு எவ்வளவு வரை உடம்புக்குப் பட்டால் பரவாயில்லை என்று அரசாங்கங்கள் எல்லை வைக்கின்றன அல்லவா, அந்த எல்லையை யார், எப்படி, யாரை மனதில் வைத்துப் போடுகிறார்கள் என்பதுதான் விடயம். கேட்க வரட்சியாக இருக்கும். ஆனால் இது நம் லயத்து வாசலுக்கு வந்து நின்ற கதை. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

1977, 78ஆம் ஆண்டுகள். மூத்த அக்காமாரில் சிலர் அப்போது இந்தக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு, எல்லோரும் பெண் பிள்ளைகள், திடீரென்று கால் விழுந்தது. பாதம் தொங்கிப்போயிற்று, சிலருக்குக் கையும் சோர்ந்தது. இளம்பிள்ளை வாதம் என்று நினைக்கலாம். ஆனால் அது ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்த்து வராது. இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் அண்மையில் பெரிய பிள்ளையானவர்களுக்கு மட்டும் வந்தது.

பேராதனையில் இருந்த நரம்பியல் நிபுணர் நிமல் சேனாநாயக்க அவர்களும், தொழில்சார் நோய்களை ஆராய்ந்த ஜெயரத்தினம் அவர்களும் இதன் வேரைத் தேடிப் போனார்கள். பிள்ளை பெரியவளானதும் நாம் என்ன கொடுப்போம்? பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். இடுப்புக்குப் பலம் என்று அம்மாவும் அப்பாயியும் பக்கத்தில் நின்று குடிக்க வைப்பார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நாமும் குடித்திருக்கிறோம். அப்படிச் சடங்குப் பிள்ளைகளுக்கென்று கொடுத்த ஒரு விசேட நல்லெண்ணெயில் டிரை கிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. அது பிளாஸ்டிக்கை இளக்கவும் இயந்திர எண்ணெயில் சேர்க்கவும் பயன்படுவது. கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலனில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தபோது கலந்திருக்கலாம் என்பது அவர்களுடைய முடிவு. 1981இல் 'லான்செட்' சஞ்சிகையில் அதை எழுதினார்கள்.

இந்த நஞ்சின் குணம் பொல்லாதது. குடித்த அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் நீளமான நரம்புகளின் நுனி பட்டுப்போகத் தொடங்கும். அதனால்தான் பாதம் முதலில் விழுகிறது. சடங்கு முடிந்து, தண்ணி ஊற்றி, பந்தி வைத்து, சொந்தக்காரர் எல்லாம் திரும்பிப் போன பிறகு பிள்ளை நடக்க மாட்டாமல் கிடந்தால் எண்ணெயை யார் நினைப்பார்கள்? கண்ணேறு என்றுதான் நினைப்போம். அந்தப் பிள்ளைகளைச் சேனாநாயக்க மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். கைகால் நரம்புகள் மெல்ல மெல்லத் தேறின. ஆனால் சிலருக்கு முள்ளந்தண்டு வடத்தில் ஏற்பட்ட பாதிப்பின் அடையாளங்கள் பின்னர் வெளிப்பட்டன.

இதே நஞ்சு 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் ஒன்றில் கலந்து பல்லாயிரம் பேரை முடமாக்கியது. 1959இல் மொரோக்கோவில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதால் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் கடுகெண்ணெய் வழியாக வந்தது. அங்கெல்லாம் ஆணும் பெண்ணும் பெரியவரும் சிறியவரும் விழுந்தார்கள். நம்மிடத்தில் மட்டும் ஒரே வயதுப் பெண் பிள்ளைகள். காரணம் எளிது: தொடர்ந்து பல நாள் நல்லெண்ணெயைப் பானமாகக் குடித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் எல்லை என்ற பேச்சு வருகிறது. உணவில் ஒரு பொருளுக்கு எல்லை வைப்பவர்கள், ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தேநீர் எடுக்கிறார் என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். அட்டவணையில் சராசரி மனிதர் இருப்பார். ஜெனீவாவிலோ ரோமிலோ கூடும் எந்தக் குழுவின் அட்டவணையிலும், தீட்டுக் குடிசையில் உட்கார்ந்து நல்லெண்ணெய் குடிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை இருக்க மாட்டாள்.

சரி, அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் எங்கள் டீச்சர் ஒரு கொண்டீஸ் கல்லைத் தண்ணீரில் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. கடும் ஊதா. அதில் ஒரு பங்கை எடுத்து ஒன்பது பங்கு தண்ணீரில் ஊற்றினார். பிறகு அதிலிருந்து ஒரு பங்கு, மறுபடி ஒன்பது பங்கு. ஆறாவது கிளாசில் நிறமே இல்லை. "இப்ப இதுல கொண்டீஸ் இருக்கா இல்லையா பிள்ளைகளா?" என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்றால் என்ன என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். பிறகு பல்கலைக்கழகத்தில் யாரும் அதைவிடத் தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

நச்சியல் நிபுணர்கள் செய்வதும் அந்த வரிசைதான், எலிகளை வைத்து. ஒரு கூட்டத்துக்கு நிறைய, ஒரு கூட்டத்துக்குக் கொஞ்சம், ஒரு கூட்டத்துக்கு மிகக் கொஞ்சம் என்று மாதக் கணக்கில், சிலவேளை ஆயுள் முழுவதும், கொடுத்துப் பார்ப்பார்கள். எந்த அளவு வரை தீங்கு ஒன்றும் தெரியவில்லையோ அந்த அளவை எடுத்து நூறால் பிரிப்பார்கள். மனிதர் எலியைவிட நொய்ந்தவராக இருக்கலாம் என்பதற்கு ஒரு பத்து. மனிதருக்குள்ளும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், நோயாளர் என்று வேறுபாடு உண்டு என்பதற்கு இன்னொரு பத்து. இந்த நூறை 1954இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த லேமனும் ஃபிட்ஸ்ஹியூவும் முன்வைத்தார்கள். ஏன் எண்பது இல்லை, ஏன் இருநூறு இல்லை என்றால் கறாரான பதில் கிடையாது. அனுபவத்தில் பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படி வருவதே 'நாளாந்தம் ஏற்கத்தக்க உட்கொள்ளல்' என்ற எண். உங்கள் நிறை எத்தனை கிலோவோ அதனால் பெருக்கினால் உங்கள் பங்கு.

எலி என்று சொன்னோம். நம் பிள்ளைகளின் காலை விழுத்திய அந்த வகை வாதம் எலிக்கு இலேசில் வராது. கோழிக்கு வரும். ஆகவே ஓகனோபொஸ்பரஸ் இரசாயனங்களுக்கு இந்தப் பரிசோதனையை முட்டையிடும் கோழிகளில் செய்ய வேண்டும் என்பது இன்று சர்வதேச விதி. எலியை மட்டும் பார்த்துவிட்டுப் பிழையில்லை என்று எழுதியிருந்தால், நூறால் பிரித்தும் பயனில்லை.

ஒரே ஆய்வுகளைப் படித்துவிட்டு வெவ்வேறு நிபுணர்கள் வெவ்வேறு எண் சொல்வதும் உண்டு. கிளைபோசேட்டை எடுங்கள், தோட்டத்தில் புல்லு மருந்து என்கிறோமே, அதில் முக்கியமானது. ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டும் நிபுணர் குழு ஒரு கிலோ நிறைக்கு ஒரு மில்லிகிராம் வரை என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அரை மில்லிகிராம் என்கிறது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்று வகைப்படுத்தியது. அடுத்த ஆண்டு அதே உலக சுகாதார நிறுவனம் பங்குபெறும் நிபுணர் குழு, உணவு வழியாக அப்படி நேர வாய்ப்பில்லை என்றது. செய்தியைப் பார்த்தவர்கள் இரண்டில் ஒன்று பொய் என்று நினைத்தார்கள். முதலாவது குழு கேட்டது 'இது தீங்கு செய்யும் வகையைச் சேர்ந்ததா' என்று. இரண்டாவது கேட்டது 'சாப்பாட்டில் இருக்கும் அளவுக்குத் தீங்கு செய்யுமா' என்று. மருந்து அடிக்கிறவரின் முதுகில் ஒழுகும் அளவு இரண்டாவது கேள்வியில் இல்லை.

நம் நாட்டில் 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரக நோய்க்கு அது காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகமே பின்னணி. அது நிரூபிக்கப்பட்ட விடயம் அல்ல. அதன்பின் தேயிலை மலைகளில் புல் ஏறியது, எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைகொல்லியின் பாவனை கூடியது. அப்போது ஜப்பான் குறுக்கே வந்தது. ஜப்பானில் 2006இலிருந்து ஒரு விதி: எந்த இரசாயனத்துக்கு ஒரு உணவில் தனி எல்லை குறிக்கப்படவில்லையோ, அதற்கு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். நம் தேயிலை அந்தக் கோட்டில் சிக்கியது. கொழும்பில் ஏற்றுமதியாளர்கள் கலங்கினார்கள், பத்திரிகைகள் எழுதின, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் திரும்பவும் அனுமதிக்கப்பட்டது.

இந்த 0.01 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு மேலே போனால் குடிப்பவருக்கு ஆபத்து என்று எவரும் கண்டுபிடித்த எண் அல்ல அது. 'எங்களுக்குத் தகவல் தரப்படவில்லை, ஆகவே இல்லாததற்குச் சமமான அளவு மட்டும்' என்று அர்த்தம். பொதுவாகவே, உணவில் எஞ்சும் பீடைகொல்லிக்கு வைக்கும் எல்லை, மருந்தை ஒழுங்காக அடித்தால் எவ்வளவு எஞ்சும் என்பதை அளந்து வைப்பது. அது உடம்பின் எல்லைக்குள் நிற்கிறதா என்று பிறகு சரிபார்ப்பார்கள். வணிகத்துக்கான கோடு அது. அதை நஞ்சுக்கும் நன்மைக்கும் நடுவே போட்ட கோடு என்று நினைத்து வெளிநாட்டில் இருக்கும் நம் தோழியர் சிலர் சிலோன் தேயிலையே வேண்டாம் என்கிறார்கள். தயவுசெய்து குடியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஐரோப்பாவில் தேயிலையில் கிளைபோசேட்டுக்கு எல்லை கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள் போடுகிறோம். எல்லை அளவு முழுவதும் அந்தத் தூளில் இருந்து, முழுவதும் சாயத்தில் இறங்கினாலும் கோப்பைக்கு 0.004 மில்லிகிராம். இனி மலைக்கு வருவோம். லீற்றருக்கு 360 கிராம் உள்ள கிளைபோசேட்டை நூற்றுக்கு ஒன்றாகக் கலந்து தாங்கியில் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். மூடி இறுகாமல் ஒரு மில்லிலீற்றர் முதுகில் ஒழுகினால் அதில் 3.6 மில்லிகிராம். தொள்ளாயிரம் கோப்பைத் தேநீர். தோலுக்குள் போவது அதில் மிகச் சிறிய பங்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒழுகுவது ஒரு மில்லிலீற்றரோடு நிற்பதில்லை என்பது மருந்துத் தாங்கி சுமந்த அப்பாமாரின் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மருந்து அடிக்கிறவருக்கும் எல்லை இருக்கிறதா என்றால், ஐரோப்பாவில் இருக்கிறது. அவருடைய உடம்புக்குள் நாளொன்றுக்கு எவ்வளவு போகலாம் என்று ஓர் எண்ணும், எவ்வளவு போகும் என்று மதிப்பிட மாதிரிகளும் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிகள் அங்குள்ள விவசாயிகளை அளந்து செய்தவை. நீளக்கை உடை, நீளக் காற்சட்டை, நல்ல சப்பாத்து. கையுறை போட்டால் கைக்குப் படுவது பத்தில் ஒன்றாகிவிடும் என்று வைப்பது வழக்கம். நம் செங்குத்து மலையில் மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் கையுறையோடு எவர் நாள் முழுக்க நிற்பார்? தோலைப் பற்றிய இன்னொன்றையும் நாங்கள் மூவரும் அடிக்கடி பேசுவோம். தோல் வழியே எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதைக் காயம் இல்லாத, முழுமையான தோலில்தான் அளக்கிறார்கள். நம் ஆட்களின் காலைப் பாருங்கள்: அட்டை கடித்து ஆறாத புள்ளிகள். கொழுந்து எடுக்கும் அம்மாவின் விரலைப் பாருங்கள்: கறை ஏறிய வெடிப்புகள். மருந்து அடித்த மலையில் சில நாள் கழித்துக் கொழுந்துக்கு இறங்குவது அந்த விரல்கள்தான். முழுமையான தோலில் மிகக் குறைவாகவே உட்புகும் பராக்குவாட், புண்பட்ட தோலில் அதைவிட அதிகம் உட்புகும் என்பது வைத்திய நூல்களில் பழைய பாடம்.

பராக்குவாட் பற்றி நம் தோட்டத் தொழிலாளரிலேயே செய்த ஆய்வு ஒன்று உண்டு. 1993இல் வெளியானது, அதிலும் சேனாநாயக்கவின் பெயர் முதலில் இருக்கிறது. சராசரியாகப் பன்னிரண்டு வருடம் மருந்து அடித்த 85 பேரையும், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த 76 பேரையும், வேறு வேலை செய்த 79 பேரையும் ஒப்பிட்டார்கள். நுரையீரலிலோ பிற உறுப்புகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. நமக்குச் சாதகமாக இல்லை என்று அதை மறைக்க மாட்டோம். நல்ல செய்தி நல்ல செய்திதான். ஆனால் அப்படிப்பட்ட ஆய்வு எதிலும், இன்னும் வேலைக்கு வருகிறவரைத்தான் அளக்க முடியும். மூச்சு வாங்கி வேலையை விட்டவர், பேர் வெட்டப்பட்டு வீட்டோடு இருப்பவர் அதில் இல்லை.

நாங்கள் பயிற்சி வைத்தியர்களாக இருந்தபோது ஒருவர் வந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். முதுகில் தாங்கி உரசும் இடத்தில் நீளமாக ஒரு எரிகாயம். இரண்டு விரல்களில் நகம் வெளுத்துக் கழன்று வந்தது. பராக்குவாட் கைப்பட்டால் நகம் அப்படிப் போகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம், அன்றுதான் பார்த்தோம். அவருடைய துண்டுச் சீட்டில் 'பூஞ்சணம்' என்று எழுதியிருந்தது. மாதக் கணக்காகப் பூசு மருந்து போட்டிருக்கிறார். "என்ன வேலை?" என்று ஒருவரும் கேட்கவில்லை. "தோட்ட வேலை" என்று மட்டும் எழுதி முடித்திருந்தார்கள். அவருடைய உடுப்பைத் துவைப்பது யார் என்று கேட்டோம். மனைவிதான், பீலியில், கைக்குழந்தையின் துணியோடு சேர்த்து.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பொருளுக்கு நாம் 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, மலையில் அடிப்பதும் மருந்து. சிங்களத்திலும் 'பெஹெத்' என்றுதான் சொல்கிறார்கள். நஞ்சு என்று சொல்லியிருந்தால் அம்மா அந்தச் சட்டையைத் தனியாகத் துவைத்திருப்பார் என்று ஒரு தோழி சொல்வார்.

சட்டத்தைப் பார்த்தால், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குள் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரைக் காக்கிறது. ஸ்டோர் வாசலைத் தாண்டி மலைக்கு ஏறியவர் அதற்குள் வரமாட்டார். அவருக்கு மிஞ்சுவது பீடைகொல்லிப் போத்தலின் லேபல். மூன்று மொழியிலும் அச்சிட்டிருக்கிறது, தமிழும் இருக்கிறது. ஆனால் போத்தல் களஞ்சிய அறையில் இருக்கிறது. மலைக்குப் போவது கலந்த தாங்கி.

அரசாங்கத்தின் எல்லையால் ஒன்றும் ஆகாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ஒரு பதிவாளர் இருக்கிறார். அந்த அலுவலகம் 1995 அளவில் மிகக் கொடிய வகை பீடைகொல்லிகளை நாட்டிலிருந்து வெளியேற்றியது, 1998இல் எண்டோசல்பானை, 2008இல் பராக்குவாட்டின் செறிவை 6.5 சதவீதத்துக்குக் குறைத்து, 2014உடன் அதையும் முடித்தது. 1995இல் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதன் பின் அந்த எண் பாதிக்கும் கீழே வந்தது. இருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக 2017இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு கணக்கோபத்தில் கைக்கு எட்டுவது எது என்பதையும் எல்லைக்குள் கொண்டுவந்த முடிவு அது. ஆஸ்பத்திரி வார்டில் இரவு வேலை செய்த எங்களுக்கு அந்த வித்தியாசம் எண் அல்ல. அந்த முடிவுக்கு வழி விட்டது, யார் எதனால் இறந்தார் என்று நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் எழுதி வைத்த பதிவேடுகள். மலையில் மருந்து அடிக்கிறவருக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. எழுதப்படாத ஆளை எந்தக் குழுவும் கணக்கில் எடுக்காது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் நாம் தோட்டங்களில் வைத்திய முகாம் நடத்துகிறோம். கண் பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், மூக்குக் கண்ணாடி கொடுக்கிறோம். இந்த நூற்றாண்டு ஆண்டின் முகாமில் ஒரு மேசையை இதற்கென்று ஒதுக்கித் தாருங்கள். நாங்கள் ஒரு பக்கத்தில் அடங்கும் படிவம் தயாரித்திருக்கிறோம்: மருந்து அடிக்கிறீர்களா, எத்தனை வருடம், கடைசியாக எப்போது, என்ன மருந்து, தாங்கி ஒழுகுகிறதா, கையுறை கொடுத்தார்களா, உடுப்பை யார் துவைக்கிறார். பிறகு பத்து விரல் நகத்தையும் பார்த்து எழுத வேண்டும். வைத்தியர் தேவையில்லை, தெளிவாக எழுதத் தெரிந்த, கேட்கப் பொறுமையுள்ள பழைய மாணவி போதும். உயர்தர வகுப்புத் தங்கைமாரும் வரலாம். பெயர் எழுத மாட்டோம், இலக்கம் மட்டும். யாருடைய வேலைக்கும் பங்கம் வரக்கூடாது. நிரப்பிய படிவங்களைத் தொகுத்துக் கெட்டம்பேயில் உள்ள பதிவாளர் அலுவலகத்துக்கும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் சங்கத்தின் பெயரில் அனுப்பலாம் என்பது எங்கள் யோசனை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் இரவில் உட்கார்ந்து கணினியில் ஏற்றித் தரலாம். முகாமுக்கு வர முடியவில்லையே என்று குறைப்பட வேண்டாம்.

மூத்த அக்காமாரிடம் இன்னுமொன்று. அந்த 77, 78 நல்லெண்ணெய்ச் சம்பவத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இப்போது அறுபது வயதுப் பெண்கள். உங்களுடன் படித்தவர்கள், பெரிய பிள்ளையாகி வீட்டோடு நின்றவர்கள், திரும்பி வகுப்புக்கு வராதவர்கள் யாராவது உங்கள் நினைவில் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். எழுத அல்ல, போய்ப் பார்க்க.

படிவங்கள் மண்டப வாசலில், புத்தக மேசைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் வாருங்கள்.